வடகாலில் ‘கால்’ எங்கே?

ஓர் ஊருக்கு அதன் பெயரே முதல் வரைபடம். தாளும் மையும் அளவுச் சங்கிலியும் தோன்றுமுன்பே, இங்கே மேடு, இங்கே பள்ளம், இங்கே நீர் வரும், இங்கே நீர் நிற்கும் என்று பெயரால் குறித்து வைத்தவர் தமிழர். தாங்கல் என்றும், ஏந்தல் என்றும், கரணை என்றும், பாக்கம் என்றும் முடியும் ஊர்ப்பெயர்களைத் தொடர்ந்து நடந்தால், தொண்டை நாட்டு நிலத்தின் அமைப்பே அடிக்கு அடி விளங்கும்.

காஞ்சிபுர மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில், வல்லம், வடகால் என்னும் ஊர்கள் உள்ளன. இன்று ‘வல்லம் வடகால்’ என்றால் நாட்டினர் நினைவுக்கு வருவது ஒரு தொழிற்பூங்கா. ஆனால் ‘கால்’ என்பதற்கு நீரோடும் வழி என்னும் பொருள் உண்டென்பதைத் தமிழ் படித்த எவரும் அறிவர். வாய்க்கால், வரத்துக்கால், கழிவுக்கால் என்பன அதன் வழிச்சொற்கள். அவ்வாறாயின், வடகாலில் அந்தக் ‘கால்’ எங்கே? அஃது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது? இன்றும் அதில் நீர் ஓடுகிறதா, அன்றி மதிற்சுவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா? இவ்வினாவிற்கு விடை காணும் கருவிகள் இன்று உலகில் உள்ளன. அவற்றைத் தமிழர் தம் கையில் எடுத்திருக்கின்றனரா என்பதே இங்கு ஆராயற்பாலது.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் நிலம் ஆற்றை நம்பி வாழ்ந்த நிலமன்று. ஏரியை நம்பி வாழ்ந்த நிலம். மேட்டில் பெய்த மழை வரத்துக்கால் வழியே வந்து, கரையால் தேக்கப்பட்டு, மதகின் வழியே நஞ்சைக்குப் பாயும். மிகுந்த நீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகும். ஓர் ஊரின் மிகை மற்றோர் ஊரின் முதல். இவ்வாறு ஒன்றோடொன்று கோத்த மணிமாலை போல ஏரிகள் அமைந்து, கடைசியில் ஆற்றையோ பெரிய ஏரியையோ சேரும். இப்பகுதியின் நீரில் ஒரு பங்கு செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. முழுக் கொள்ளளவில் 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடி நீரும் கொள்ளும் அவ்வேரி, சென்னை மாநகரின் குடிநீர்த் தொட்டிகளுள் ஒன்று. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரோ அடையாறாய் உருக்கொண்டு கடலுக்குச் செல்கிறது. மாலையில் ஒரு மணி அறுந்தால் அந்த மணி மட்டும் விழுவதில்லை, மாலையே சிதறும். ஏரித்தொடரும் அவ்வாறே.

இந்நிலத்தில்தான் தொழில் வந்தது. 1971-ஆம் ஆண்டில் ‘சிப்காட்’ எனப்படும் மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம் தோன்றியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு உண்டாய் நிறுவனம் மகிழுந்து செய்யத் தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் கைப்பேசி செய்யத் தொடங்கி, 2014-இல் தொழிற்சாலையை மூடியது. 2010-இல் ஒரகடத்தில் இரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வண்டலூர்–வாலாசாபாத்துச் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர்ச் சாலையும் குறுக்கிட்டுக் கொள்ளும் ஒரகடம், இன்று இந்தியாவின் பெரிய உந்துவண்டித் தொழில் நடுவங்களுள் ஒன்று. பல்லாயிரவர்க்கு அங்கே வேலையும் ஊதியமும் கிடைத்தன. அதனை மறுப்பது அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஒன்று கருதத் தக்கது. மூடிய தொழிற்சாலையை மீண்டும் திறக்கலாம். அல்லது வேறொருவர்க்கு விற்கலாம். மூடிய வாய்க்காலை எவரிடம் சென்று விலைக்கு வாங்குவது?

இத்தகைய நிலத்தை ஆராய்வதற்கென்றே ஓர் அறிவியல் துறை உண்டு. நிலத்தோற்றச் சூழலியல் என்று அதனைக் கூறலாம். 1939-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் காரல் திரோல் என்பார் அத்துறைக்குப் பெயரிட்டார். வானூர்தியிலிருந்து எடுத்த நிலப்படங்களை ஆராயும்போதுதான் அவர்க்கு அக்கருத்துத் தோன்றியது. காடு, வயல், ஓடை, ஊர் ஆகியவற்றைத் தனித்தனியே காண்பது போதாது. அவை எவ்வாறு அடுத்தடுத்து அமைந்து ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதைக் காணவேண்டும் என்பதே அதன் சாரம். அத்துறையினர் நிலத்தை மூன்று உறுப்பாகப் பகுப்பர். சூழ்ந்துள்ளவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கும் நிலத்துண்டு திட்டு. திட்டுகளை இணைத்து உயிர்கள் போய்வர உதவும் நீண்ட பட்டை வழித்தடம். அவ்விரண்டையும் சூழ்ந்து பரந்திருப்பது அடிப்பரப்பு. திட்டுகள் சிறுத்து, வழித்தடங்கள் அறுந்தால், அங்கு வாழும் உயிர்கள் ஒவ்வொன்றாய் மறையும்.

வேடந்தாங்கல் இதற்குத் தக்க சான்று. 2022-இல் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அவ்வேரியில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆனால் அவை இரை தேடுவது அவ்வேரியில் மட்டுமன்று; சுற்றுப்புறத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் ஆகும். சுற்றுப்புறம் வறண்டால், வேலியிட்டுக் காத்த ஏரியிலும் கூடு வெறுங்கூடாகும்.

இங்கே சொல்லொன்று நின்று நகைக்கிறது. திருப்பெரும்புதூர்–ஒரகடப் பகுதியையும் ‘தொழில் வழித்தடம்’ என்றே அரசும் செய்தித்தாள்களும் கூறுகின்றன. சூழலியலார் கூறும் வழித்தடம் இணைப்பது; இவ்வழித்தடமோ, ஆராயாது அமைத்தால், அறுப்பது. ஒரே சொல் இரண்டையும் குறிக்கின்றது. எது எங்கே இணைக்கிறது, எது எங்கே அறுக்கிறது என்பதை ஊகத்தால் கூறக் கூடாது, அளந்து கூறவேண்டும்.

அளக்கும் கருவிகள் யாவை? 1972-இல் அமெரிக்கா ஏவிய முதல் இலாண்டுசாட்டுச் செயற்கைக்கோள் தொடங்கி, ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக இந்நிலம் வானிலிருந்து படம் பிடிக்கப்பட்டு வருகிறது. 1988-இல் இந்தியாவின் முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எசு.–1ஏ வானேறியது. 2008 முதல் இலாண்டுசாட்டுப் படத்தொகுதி முழுவதும் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. 2015-இல் ஐரோப்பியர் ஏவிய செந்தினல்–2 கோள், 10 மீட்டர் அளவுள்ள நிலத்துண்டையும் தனித்துக் காட்டும். அண்மை அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடும். பசுந்தழை மிகுதியாகத் திருப்பியனுப்பும். பச்சைக் கதிரையும் இக்கதிரையும் ஒப்பிட்டு நீர்ப்பரப்பைப் பிரித்தறியும் கணக்கை 1996-இல் மெக்ஃபீட்டர்சு என்பார் வெளியிட்டார். சிவப்புக் கதிரையும் இக்கதிரையும் ஒப்பிட்டால் பயிரின் செழுமை தெரியும். இவ்வாறு பெற்ற படத்தோடு, ஊர்ப்புல எல்லை, சாலை, மண்வகை, நிலமட்டம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆராயும் கணினி முறையை 1960-களில் கனடா நாட்டில் உரோசர் தாம்லின்சன் என்பார் உருவாக்கினார். அன்று ஓர் அரசு மட்டுமே கையாளக் கூடியதாயிருந்த அம்முறை, இன்று கியூசிஐஎசு போன்ற விலையில்லா மென்பொருளாக, ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணினியிலும் இயங்குகிறது.

கருவி உண்டு; படம் உண்டு; விலையும் இல்லை. ஆயினும் கருவி கூறுவதெல்லாம் உண்மையென்று கொள்வது மற்றொரு மடமை. ஏரி கோடையில் வற்றும். வற்றிய ஏரியைச் சித்திரைத் திங்களில் எடுத்த படம் வெற்றுநிலம் என்று காட்டும். வெங்காயத்தாமரை படர்ந்த ஏரியைப் பசும்பயிர் என்று காட்டும். சீமைக்கருவேலம் மண்டிய ஏரி உள்வாயைக் காடு என்று காட்டும். மழைத் திங்களிலோ முகில் மூடிப் படமே கிடைக்காது. முகிலை ஊடுருவும் கதிரலை அளவியால் எடுத்த படத்தைத் தேடவேண்டும். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. 30 மீட்டர் அளவுள்ள கட்டங்களால் ஆன படத்தில், இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள வரத்துக்கால் தோன்றவே தோன்றாது. ஏரிக்கு உயிர்நாடி எதுவோ, அதுவே படத்தில் இல்லை. நிலமட்டத்தின் நிலையும் அதுவே. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்ணோடத்திலிருந்து பதினொரு நாளில் அளந்த உலக உயர அளவில் சில மீட்டர்ப் பிழை இயல்பு. தொண்டை நாட்டுச் சிற்றேரியின் கரை உயரமே சில மீட்டர்தான். பிழை கரையளவு உயர்ந்து நிற்கும்போது, நீர் எப்பக்கம் ஓடும் என்பதை அவ்வளவை மட்டும் கொண்டு எவ்வாறு துணிவது?

இங்குத்தான் தொல்காப்பியம் வகுத்த முதற்பொருள் நினைவுகூரத் தக்கது. நிலம், பொழுது என்னும் இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்றனர் பண்டையோர். அவ்விரண்டிலிருந்தே மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் ஆகிய கருப்பொருள் கிளைக்கும் என்றனர். பொழுதின்றி நிலத்தை மட்டும் கண்ட வரைபடம் பாதி வரைபடம். ஏரி என்பது ஓர் இடம் மட்டுமன்று. காரில் நிறைந்து, பனியில் பாய்ந்து, வேனிலில் வற்றும் ஓர் ஆண்டுச் சுழற்சி. ஆகவே பல பருவத்து, பல ஆண்டுப் படங்களை அடுக்கியே ஏரியை ஏரியென்று கூறவேண்டும். பண்டையோர் செயற்கைக்கோள் கண்டனர் என்று வீண்பெருமை பேசுவார் கூற்றன்று இது. அவர்கள் கோள் விடவில்லை. ஆனால் நிலத்தைப் பொழுதோடு சேர்த்துக் காணவேண்டும் என்னும் அறிவை மொழியில் பதித்துச் சென்றனர். அவ்வறிவை இன்றைய கருவியோடு இணைப்பதே வழித்தோன்றல்களின் கடமை.

மொழியின் இழப்பு எவ்வாறு நிலத்தின் இழப்பாகிறது என்பதை வருவாய்க் கணக்கே காட்டும். ஊரின் ‘அ’ பதிவேட்டில் ஏரி, தாங்கல், குட்டை, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, களம், தோப்பு என்று எத்தனையோ வகை உண்டு. அவற்றோடு ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றும் ஒரு வகை உண்டு. வரி தராத நிலம் வெறுநிலம் என்னும் கும்பினிக் கண்ணின் பதிவு அது. அந்தக் கண் இன்னும் மூடவில்லை. நடுவணரசின் நிலவளத் துறை, ஐதராபாத்துத் தொலையுணர்வு நடுவத்தோடு சேர்ந்து 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் பாழ்நில வரைபடத் தொகுதியில், புதர் நிறைந்த நிலமும் பாழ்நில வகைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆடுமாடு மேய்ந்த இடம், காடையும் கவுதாரியும் முட்டையிட்ட இடம், மழைநீரை ஏரிக்கு வடித்துத் தந்த மேடு, ஆங்கிலப் பட்டியலின் ஒரே சொல்லில் பாழாகிவிடுகிறது. பாழென்று எழுதியபின் அதனைக் கேட்டு வாங்குவது எளிது, கொடுப்பதும் எளிது. தாங்கலும் குட்டையும் ஊருணியும் ‘நீர்நிலை’ என்னும் ஒரே நீலப்புள்ளியாகும்போது, எது குடிநீர்க்கு, எது பாசனத்துக்கு, எது கால்நடைக்கு என்னும் வேறுபாடும் உடன் அழிகிறது.

இந்நிலத்தின் கணக்கு தமிழில் இருந்த காலமும் உண்டு. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊரவையில் ஏரி வாரியம் என்றொரு குழு இருந்ததைக் கூறுகின்றன. 1767-க்கும் 1774-க்கும் இடையே, செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களைத் தாமசு பர்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் கணக்கெடுத்தபோது, ஊர்க்கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிய கணக்குகளே அடிப்படையாயின. அவ்வோலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. பின்னர் 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. 1802-இல் இந்திய நிலப்பரப்பு முழுவதையும் அளந்த பேரளவைக்குப் பரங்கிமலையில்தான் அடிக்கோடு இடப்பட்டது. அளக்கும் கலை தமிழ் மண்ணில் காலூன்றியது. ஆனால் அளவை எழுதும் மொழி தமிழிலிருந்து நழுவிற்று. ஓலையில் எழுதிய கணக்கனுக்கு விளங்கிய ஊர், கணினியில் காணும் உழவனுக்கு விளங்காது போயிற்று.

இஃது ஏட்டளவான குறையன்று, உயிரளவான குறை. 2015 திசம்பர் முதல் நாளில் தொடங்கிய பெருமழையில் ஒரு நாளைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அதனோடு அடையாற்றின் மேற்பகுதி ஏரிகளின் மிகைநீரும் கூடி மாநகரை மூழ்கடித்தது. அவ்வாண்டு மழையில் தமிழகம் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. மேலூர் ஏரியின் கலங்கல் எங்கே திரும்பியது என்பதைக் கீழூர் அறியாதிருந்தால், அந்த அறியாமைக்குக் கீழூரே விலை கொடுக்கும்.

சட்டங்களும் வரைபடத்தை நம்பியே நிற்கின்றன. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் காப்புச் சட்டம், ஏரிகளை அளந்து எல்லை வரையறுத்து, வன்கவர்வை அகற்றச் சொல்கிறது. 2023-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 எக்டேருக்குக் குறையாத பரப்பில், நீர்நிலைகளை உள்ளடக்கி அமையும் திட்டங்களைச் சிறப்புத் திட்டம் என அறிவிக்க வழிசெய்து, வல்லுநர் குழுவின் ஆராய்ச்சிக்கு விடுகிறது. குழுவின் முன் விரிக்கப்படுவது வரைபடம். அதில் ஒரு வரத்துக்கால் விடுபட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்டக் கூடியவர் அக்காலில் இறங்கி நீர் திருப்பிய நீர்க்கட்டியும், அவ்வேரியின் கீழ் உழுத குடியானவருமே. அவர்க்கு அவ்வரைபடம் கிடைக்கவில்லையேல், கிடைத்தும் படிக்க இயலாதேல், அவர் அறிவு வாளா கிடந்து அவரோடு மறையும்.

ஆகவே செய்யத் தக்கன சிலவே. ஆனால் உறுதியாகச் செய்யத் தக்கன. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியின் ஒவ்வோர் ஏரித்தொடரையும், வரத்துக்கால், மதகு, கலங்கல், கழிவுக்கால் ஆகியவற்றோடு, அவ்வவ்வூர் வழங்கும் பெயராலேயே வரைபடமாக்க வேண்டும். அரசு வெளியிடும் நிலப்படம் ஒவ்வொன்றிலும் நிலவகைப் பெயர் தமிழில் இருக்கவேண்டும். ‘பாழ்’ என்று பொதுப்பட எழுதுவதை விடுத்து, மேய்க்கால், புதர்க்காடு, களம் என்று உள்ளவாறு எழுதவேண்டும். தொழிற்பூங்காவிற்கு நிலம் வரையறுக்குமுன், நிறைகாலப் படமும் வறள்காலப் படமும் அடுக்கிய பல்லாண்டு வரைபடம் ஊரவையின் முன் வைக்கப்படவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தில் இவ்வறிவு பெற்ற தமிழ் இளைஞர் பலர். அவர்கள் தாம் கற்றதைத் தமிழில் எழுதவேண்டும். கலைச்சொல் இல்லை என்பார்க்கு, ஏரியின் உறுப்புகளை மட்டும் எண்ணச் சொன்னாலே அவர் வாய் அடங்கும். இல்லாதது சொல்லன்று, எழுதும் மனம்.

அரசை எதிர்நோக்கிக் காத்திராமல் தொடங்கத் தக்க பணியும் உண்டு. 2004-இல் தொடங்கிய ஓப்பன்சிட்ரீட்மேப்பு என்னும் பொதுவரைபடத்தில் எவரும் ஊரையும் ஏரியையும் தமிழ்ப் பெயரோடு பதியலாம். ஒரு பள்ளியின் மாணவர் பதின்மர், ஒரு விடுமுறை நாளில், ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னிட்டு ஏரிக்கரையைச் சுற்றி நடந்து, மதகுக்கு மதகு, மடைக்கு மடை பெயர் கேட்டுக் குறித்தால், எந்தக் கோளும் காணாத வரத்துக்கால் அவ்வரைபடத்தில் ஏறும். கோள் மேலிருந்து காண்பது பரப்பு. முதியவர் கீழிருந்து காண்பது ஓட்டம். இரண்டும் கூடினாலன்றி நிலம் விளங்காது.

வடகால் என்னும் பெயர் இன்று ஒரு தொழிற்பூங்காவின் நுழைவாயிற் பலகையில் பொறித்து நிற்கிறது. பலகை அழகாய் இருக்கலாம். எழுத்தும் பிழையின்றி இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துப் பொருளைத் தொலைப்பது மொழிக்காப்பு ஆகாது. மொழியைக் காப்பவர் அம்மொழி சுட்டிய நீரையும் காக்கக் கடமைப்பட்டவர். வரும் கார்காலத்தில் முதல் மழை பெய்யும் நாளில், வடகாலில் எவரேனும் ஓர் இளைஞர் கையில் தமிழ் வரைபடத்தோடு நின்று, நீர் எவ்வழி வருகிறது என்று பார்த்துக் குறிப்பாராக. ‘கால்’ எங்கே என்னும் வினாவிற்கு விடை அந்நாளில் தொடங்கும்.